கார் இல்லாமல் பிரெத்தாஞ்: அப்பாவும் நானும் 14 ரயில்களும்

புறப்படுவதற்கு முன், ஞாயிறு

புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரான்ஸ் என்றால் பெரும்பாலும் பாரிஸ்தான். சித்தி வீடு, மாமா வீடு, லா ஷப்பேல் பக்கம் முருங்கைக்காய் வாங்கப் போவது, ஒருநாள் ஐஃபல் கோபுரம். மூன்று முறை வந்தும் நான் இதைத் தாண்டியதில்லை. இந்தமுறை அப்பாவும் உடன் வந்திருக்கிறார். பத்து நாளைச் சின்ன ஊர்களுக்கென்று ஒதுக்கிவிட்டோம்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்பாவுக்கு 71 வயது. பிரான்சின் வடமேற்கு மூலையில் உள்ள பிரெத்தாஞ் (ஆங்கிலத்தில் பிரிட்டனி) வட்டாரத்துக்குப் போகப் போகிறோம் என்றதும் சித்தப்பா, "அந்தப் பக்கமெல்லாம் கார் இல்லாம ஒண்ணும் ஆகாது" என்றார். அப்பா ரயில்வேயில் 34 வருடம் இருந்தவர், விழுப்புரத்தைச் சுற்றியுள்ள சின்ன ஸ்டேஷன்களில் மாஸ்டராக வேலை பார்த்தவர். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த ஊர்ல ஸ்டேஷன் இருக்கா, இல்லையா? அதை முதல்ல சொல்லு."

அங்கிருந்துதான் எங்கள் திட்டம் தொடங்கியது. நான் ஊர்களின் படங்களைப் பார்த்துப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அப்பா அதை ஓரமாக வைத்துவிட்டு ரயில் பாதை வரைபடத்தை விரித்தார். ரென் நகரத்திலிருந்து மேற்கே இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று தெற்குக் கரையை ஒட்டி வான், லோரியான் வழியாகக் கெம்பேர் போகிறது. இன்னொன்று வடக்கே கெங்கான், மோர்லே வழியாகப் பிரெஸ்த் வரை. இந்த இரண்டையும் மேற்கு முனையில் கெம்பேர்–லாண்டெர்னோ என்ற சின்னப் பாதை இணைக்கிறது. "பாத்தியா, சுத்தி வந்துடலாம். போன வழியில திரும்ப வேணாம்" என்றார்.

அப்புறம் சில முடிவுகள் எடுத்தோம். ஸ்டேஷனிலிருந்து பழைய ஊருக்கு இருபது நிமிடத்துக்குள் நடந்து போக முடிய வேண்டும். முடிந்தவரை ஓர் ஊரில் இரண்டு இரவு தங்க வேண்டும். சின்ன ஸ்டேஷன்களில் பெட்டி வைக்க இடம் இருக்காது என்பதால் பக்கத்து ஊர்களுக்குக் கைவீசிப் போய்விட்டு அறைக்கே திரும்புவதுதான் வசதி. பகல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

சீட்டு விஷயத்தில் பலர் குழம்புவதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். தெ-ஜே-வே எனப்படும் அதிவேக ரயிலுக்கு இடம் பதிவு செய்தே ஆக வேண்டும், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். அதனால் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என இரண்டை மட்டும் முன்பே வாங்கினோம். தெ-எ-எர் எனப்படும் வட்டார ரயில்களில் இட எண் கிடையாது. அன்றன்று வாங்கினால் போதும், ஒன்று போனால் அடுத்ததில் ஏறலாம். மொத்தப் பயணத்துக்கான பாஸும் யோசித்தோம். பாஸ் இருந்தாலும் தெ-ஜே-வேக்குத் தனியாகப் பதிவுக் கட்டணம் உண்டு, மற்ற தூரங்களோ சின்னவை. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

ஆளுக்கு ஒரு பை, அவரவர் தலைக்கு மேல் தூக்கி வைக்கக்கூடிய எடையில். பெயர் எழுதிய அட்டை பையில் தொங்க வேண்டும் என்பது இங்கே விதி. அப்பாவின் பையில் கூடுதலாக ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கிறது. வண்டி, குறித்த நேரம், வந்த நேரம் என்று மூன்று கட்டம் ஸ்கேலால் போட்டு வைத்திருக்கிறார்.

முதல் நாள், செவ்வாய்: வித்ரே

பாரிஸின் மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் பிளாட்பார எண் வண்டி கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்னால்தான் பலகையில் வரும். இரண்டு நிமிடம் முன்னாலேயே கதவுகள் மூடிவிடும். ஆக நமக்குக் கிடைப்பது பதினெட்டு நிமிடம், அதில் நீண்ட பிளாட்பாரத்தில் நம் பெட்டி வரை நடக்கவும் வேண்டும். அப்பா பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டார். எண் வந்ததும் கை தூக்கினார், நான் பைகளை எடுத்தேன். இனி எல்லாப் பெரிய ஸ்டேஷனிலும் இதே ஏற்பாடுதான்.

2017இல் திறந்த புதிய பாதையில் ரென்னுக்கு ஒன்றரை மணி நேரம். நாங்கள் போக வேண்டிய வித்ரே ரென்னுக்குக் கிழக்கே இருக்கிறது. அதாவது அதிவேக ரயிலில் ஊரைத் தாண்டிப் போய்விட்டு, வட்டார ரயிலில் அரைமணி நேரம் திரும்பி வந்தோம். பழைய பாதை 1857லேயே வித்ரேவுக்கு வந்துவிட்டது. புதிய பாதை ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறது. அப்பா இதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஸ்டேஷன் வாசலை விட்டு வெளியே வந்தால் சில நிமிட நடையில் கோட்டை. கூம்புக் கூரை போட்ட வட்டக் கோபுரங்கள், நீலச் சாம்பல் நிறச் சிலேட்டு ஓடுகள். ஸ்டேஷன் கட்டடத்தையே கோட்டைக்குப் பொருத்தமாகக் கட்டியிருக்கிறார்கள். போத்ரேரி தெருவில் மரச்சட்டங்களுக்கு இடையே மண் வைத்துப் பூசிய வீடுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தாற்போல நிற்கின்றன. தோல் வேலை செய்தவர்கள் இருந்த தெரு, பெயரும் அதிலிருந்துதான்.

இந்த ஊர் பணம் பார்த்தது சணல் துணியில். 1472இல் இங்கே கடல் கடந்த வணிகர்களின் சங்கம் ஒன்று இருந்திருக்கிறது. கடலே இல்லாத ஊரில் கடல் வணிகர் சங்கம்! கப்பல் பாய்க்கும் மூட்டைக்கும் துணி இங்கிருந்துதான் போனது. மாலை ஏழு மணிக்கு மேல் தெருவில் எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். கோட்டைச் சுவர் வெயிலில் தேன் நிறமாக மாறும் வரை அப்பாவும் நானும் எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாம் நாள், புதன்: வான்

சந்தை நாளைப் பார்த்துத்தான் ஊர் வரிசையைப் போட்டேன். வான் ஊரில் புதனும் சனியும் சந்தை. காலை வண்டியைப் பிடித்து ரென்னில் மாறி, சந்தை கலைவதற்குள் வந்து சேர்ந்தோம். செர்ரிப் பழமும் உப்பு வெண்ணெயும் வாங்கினோம். மதில், மதிலுக்குக் கீழே பூந்தோட்டம், ஆற்றோரம் நீளமான சிலேட்டுக் கூரையின் கீழ் பழைய துணி துவைக்கும் துறை. அழகான ஊர், கூட்டமும் அதிகம். இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சாப்பாட்டுக்கு வருகிறேன்.

பிரெத்தாஞ்சில் கலெத் என்று ஒன்று உண்டு. கோதுமை அல்ல, சராஸின் என்ற கருந்தானிய மாவு. மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். பிலிக் என்ற பெரிய வட்ட இரும்புக் கல்லில் ஊற்றி, ரோசெல் என்ற டி வடிவ மரக்குச்சியால் ஒரே சுற்றில் இழுக்கிறார்கள். ஓரம் நம் ரவா தோசை போல மொறுமொறுவென்று நிற்கிறது. அப்பா புதன்கிழமை சைவம். பன்றி இறைச்சி வேண்டாம், முட்டையும் வேண்டாம், சீஸும் காளானும் மட்டும் என்று கேட்டோம். முகம் சுளிக்காமல் செய்து தந்தார்கள். கல்லில் துணியால் கொழுப்புத் தடவி, முதல் கலெத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டாவதைப் பரிமாறியதைப் பார்த்ததும் அப்பாவுக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. முதல் தோசை கல்லுக்கு என்பாள் அம்மா.

மூன்றாம் நாள், வியாழன்: ஓரே

வானிலிருந்து கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர் ஓரே. நான் போட்ட இருபது நிமிட விதியை மீறிய ஒரே இடமும் இதுதான். ஸ்டேஷனிலிருந்து செயின்ட் குஸ்தான் என்ற பழைய துறைமுகம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். போகும்போது இறக்கம், நடந்தோம். திரும்பும்போது நகரப் பேருந்து.

கல் பாலம், ஆற்றில் நிற்கும் படகுகள், கல் பாவிய சரிவான தெரு. 1776 டிசம்பரில் பெஞ்சமின் பிராங்க்ளின் இங்கேதான் கரை இறங்கினார். அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிரான்சிடம் உதவி கேட்டு வந்தவர், நாந்த் போக வேண்டியவர். காற்று எதிர்த்து அடித்ததால் கப்பல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. படகுத்துறைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அலை இறங்கிய நேரம். ஆறு பாதியாகி, படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. நம் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. இங்கே காலையில் பார்த்த ஊரும் மாலையில் பார்த்த ஊரும் வேறு வேறு. ரயில் அட்டவணையைப் போலவே அலை அட்டவணையும் கடைகளில் கிடைக்கிறது. அப்பா ஒன்று வாங்கிக்கொண்டார்.

நான்காம் நாள், வெள்ளி: லோரியான்

இந்த ஊருக்காகத்தான் இந்தப் பாதையையே தேர்ந்தெடுத்தேன். லோரியான் என்றால் கீழைத் திசை. 1664இல் பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் தொடங்கிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, 1666இல் இந்த ஆற்று முகத்தில் கப்பல் கட்ட இடம் தரப்பட்டது. முதலில் கட்டிய பெரிய கப்பலின் பெயர் 'கீழைச் சூரியன்'. கப்பலின் பெயர் தளத்துக்கு, தளத்தின் பெயர் ஊருக்கு என்று வந்ததாகச் சொல்கிறார்கள். நம் புதுச்சேரிக்குப் போன கப்பல்களின் தாய்த்துறை இது. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு ஆளுநர்களைப் பற்றி நாங்கள் பள்ளியில் துப்ளேக்ஸ் என்று படித்தோம், பிரான்சுவா மர்த்தேன் என்று படித்தோம். அவர்களுடைய கப்பல்களுக்குச் சரக்கும் ஆளும் ஏற்றிய ஊரைப் பற்றி எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

ஆனால் ஊருக்குள் நடந்தால் பழையது ஏதும் கண்ணில் படாது. 1943 ஜனவரி, பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் இந்த ஊரைக் குண்டு வீசித் தரைமட்டமாக்கின. ஜெர்மானியர்கள் இங்கே நீர்மூழ்கிக் கப்பல்களுக்குக் கான்கிரீட் கொட்டகைகள் கட்டியிருந்தார்கள். ஊர் அழிந்தது, அந்தக் கொட்டகைகள் இன்னும் நிற்கின்றன. இப்போது இருப்பது போருக்குப் பிறகு எழுந்த நேர்த் தெருக்கள், சாம்பல் நிற மாடிக் கட்டடங்கள். பயணிகள் பலர் இந்த ஊரை இறங்காமலே கடந்து போகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

ஸ்டேஷனிலிருந்து தண்ணீர்ப் பக்கம் இறங்கி வந்தால் ஒரு படகுத்துறை. பெயர்ப்பலகையில் 'கே தெசெந்த்', இந்தியத் துறை. அதன் கோடியில் கம்பெனியின் பழைய வளாகம். 1786இல் முடித்த வெள்ளைக் கோபுரம் ஒன்று, இரண்டு வெடிமருந்து ஆலைகள், மறுபடி எழுப்பிய விற்பனை மாளிகை. கீழைநாட்டுச் சரக்கை இங்கே கொண்டு வந்து ஏலம் போட்டார்கள். அப்பா பலகையின் முன்னால் நின்று படம் எடுக்கச் சொன்னார். வழக்கமாகப் படத்துக்கு நிற்காதவர்.

ஐந்தாம் நாள், சனி: போர்-லூயி

காலையில் படகு. லோரியானில் நகரப் பேருந்துச் சீட்டே படகுக்கும் செல்லும். எதிர்க்கரையில் போர்-லூயி கோட்டை. 1590களில் ஸ்பானியர்கள் தொடங்கியது, பிறகு பிரெஞ்சுக்காரர்கள் முடித்தது. உள்ளே கம்பெனியின் அருங்காட்சியகம், 1984 முதல். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், அதையும் பார்த்துத்தான் சனிக்கிழமை வைத்தேன்.

கப்பல் மாதிரிகள், மிளகு, சீனப் பீங்கான் எல்லாம் பார்த்துக்கொண்டே வந்து துணி அறையில் நின்றுவிட்டோம். மங்கலான விளக்கில் அச்சடித்த பருத்தித் துணி. கொடியும் பூவும், சாயம் இன்னும் போகவில்லை. இந்தத் துணி பிரான்சில் எவ்வளவு பிடித்துப்போனது என்றால், உள்ளூர் நெசவாளர்கள் முறையிட்டு 1686இல் அதற்குத் தடை வாங்கினார்கள். 1759 வரை தடை இருந்தது. தடை இருந்தும் சீமாட்டிகள் உடுத்திக்கொண்டார்கள். சோழமண்டலக் கரையில் யாரோ ஒருவர் சாயத்தில் முக்கி எடுத்து வெயிலில் காயப்போட்டது.

அதே அறையை அடுத்து இன்னொரு செய்தியும் இருக்கிறது. இந்தியத் துணி ஆப்பிரிக்க மேற்குக் கரைக்குப் போய் மனிதர்களை விலைக்கு வாங்கப் பயன்பட்டது. கம்பெனி செனகல் கரையிலிருந்து அடிமைகளை ஏற்றியது. நம்மூர்த் தறியில் நெய்த துணி அந்த விலையில் சேர்ந்திருக்கிறது என்பதை நான் இதற்கு முன் யோசித்ததில்லை. நெய்தவருக்கும் தெரிந்திருக்காது. அப்பா அந்தப் பலகையை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார், ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

பிறகு மதில்மேல் ஏறினோம். துறைமுக வாயில் குறுகலாக, அதற்கு அப்பால் திறந்த கடல். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நம் கரைக்கு வர ஆறேழு மாதம் ஆகும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் தெரிந்ததும் பீரங்கி போட்டதும் வந்துகொண்டே இருக்கும். அவர் அந்தக் கரையில் காத்திருந்த கப்பல்கள் இந்தக் கரையை விட்டுப் புறப்பட்டவை. "நம்ம பீச்சுல நின்னு பாத்தா எதிர்ப்பக்கம் என்ன இருக்குன்னு சின்ன வயசுல யோசிப்பேன்" என்றார் அப்பா. எங்கள் கடற்கரையிலிருந்து நேரே கோடு போட்டால் இந்த ஊர் வராது என்பது அவருக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.

மதியப் படகை விட்டுவிட்டு மாலைப் படகில் திரும்பினோம்.

ஆறாம் நாள், ஞாயிறு: கெம்பேர், லாண்டெர்னோ

இன்று நான் ஒரு தவறு செய்தேன். திட்டமிடும் எல்லோருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

பிரெஞ்சு அட்டவணைகளில் சில வண்டிகளுக்குப் பக்கத்தில் சின்னதாக 'சோஃப் திமான்ஷ் எ ஃபெத்' என்று இருக்கும். ஞாயிறும் பண்டிகை நாளும் தவிர என்று அர்த்தம். லாண்டெர்னோவில் மாறுவதற்கு நான் குறித்து வைத்த வண்டிக்கு அந்த வரி இருந்திருக்கிறது. சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் அடுத்த வண்டி இல்லை. அப்பா நோட்டைப் பார்த்தார், "வீக்டே கட்டத்தைப் பார்த்துட்டே" என்று மட்டும் சொன்னார். அவருடைய வேலைக்காலத்தில் இது பெரிய பிழை. எனக்குச் சங்கடமாக இருந்தது. சின்ன ஊர்ப் பயணத்துக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தனி நாளாக வைத்து, தனி அட்டவணை எழுதிக்கொள்ளுங்கள். ரயில் பாதியாகக் குறையும், பேருந்து அதைவிடவும் குறையும், பகல் ஒரு மணிக்கு மேல் ரொட்டிக் கடைகூடக் கிடைக்காது.

கெம்பேரில் ஒரு மணி நேரம்தான் இருந்தோம். கதீட்ரலின் உள்ளே நின்று பார்த்தால் நடுக்கூடம் நேராகப் போகாமல் பலிபீடத்தருகே இடப்பக்கமாக வளைகிறது. அங்கிருந்து வடக்கே போகும் வண்டி ஆற்றுப் பள்ளத்தாக்குகளைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் லாண்டெர்னோ.

முதுகில் பையோடு ஊருக்குள் நடந்தோம். எலோர்ன் ஆற்றின்மேல் ரொஹான் பாலம், 1510இல் கட்டியது. பாலத்தின் மேலேயே வீடுகள். மாடி வீடுகள், ஜன்னலில் பூந்தொட்டி, கீழே ஆறு ஓடுகிறது. ஐரோப்பாவில் ஆட்கள் குடியிருக்கும் பாலங்கள் மிகச் சில. ஒரு வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து மேசைத்துணியை உதறினார்கள். அது ஆற்றின்மேல் உதறப்படுகிறது என்பதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஞாயிறு மதியம், கடைகள் மூடிக்கிடந்தன. படித்துறையில் உட்கார்ந்து பையிலிருந்த ரொட்டியையும் வான் சந்தையில் வாங்கிய வெண்ணெயின் மிச்சத்தையும் தீர்த்தோம். மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை.

ஏழாம் நாள், திங்கள்: மோர்லே

நேற்று மாலை மோர்லேவில் இறங்கியபோது ஊரே கண்ணில் படவில்லை. ஸ்டேஷன் மேலே, ஊர் 50 மீட்டருக்கும் கீழே. வீடுகளுக்கு நடுவே படிச்சந்து ஒன்றில் இறங்கித்தான் போனோம். அப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார், நின்ற ஒவ்வொரு இடத்திலும் பாலம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

ஊரின் நடு மார்பில் குறுக்காக நிற்கிறது அந்த ரயில் பாலம். 58 மீட்டர் உயரம், 292 மீட்டர் நீளம், இரண்டு அடுக்கு. கீழே 9 வளைவு, மேலே 14. 1861 முதல் 1863க்குள் கட்டி முடித்தார்கள். பிரெஸ்த் வரைக்கும் ரயில் ஓட இந்தப் பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டியிருந்தது. கீழடுக்கில் நாம் நடந்து போகலாம். இன்று காலை போனோம். மேலே வண்டி கடந்தபோது கல்லில் கை வைத்திருந்தோம், மெல்லிய அதிர்வு உள்ளங்கையில் ஏறியது. அப்பா அடுத்த வண்டிக்கும் காத்திருந்தார்.

1943 ஜனவரி 29 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் இந்தப் பாலத்தைக் குறிவைத்துக் குண்டு போட்டன. பாலம் நின்றது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் 39 குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் இறந்துபோனார்கள். அவர்கள் நினைவாக ஒரு சின்ன ஆலயம் இருக்கிறது. நாங்கள் அங்கே கொஞ்சம் நேரம் இருந்தோம். லோரியானும் இதுவும் ஒரே மாதத்தில் நடந்தவை. தனித்தனியாகக் காரில் வந்து போயிருந்தால் இரண்டையும் சேர்த்து யோசித்திருப்பேனா, தெரியாது. ரயில் பாதை வழியாக வந்ததால் ஒன்றிலிருந்து ஒன்று தொடர்ந்து வந்தது.

மாலையில் பொந்தாலே வீடு பார்த்தோம். லினன் துணி வியாபாரிகள் கட்டியது, இந்த ஊரில் மட்டும் உள்ள வகை. உள்ளே நுழைந்தால் தரையிலிருந்து கூரை வரை திறந்த கூடம், ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கும் மேலான அடுப்பங்கணப்பு. மூலையில் ஓக் மரத்தில் செதுக்கிய சுழல் படி. ஒவ்வொரு மாடியிலும் முன்கட்டையும் பின்கட்டையும் இணைக்கக் கூடத்தின் குறுக்கே மரப்பாலம். நம்மூர் முற்றம் வைத்த வீட்டை நிமிர்த்தி உயரமாக்கி, மேலே கூரை போட்டு மூடியது போல. மழை ஊர், மூடித்தான் ஆக வேண்டும்.

எட்டாம் நாள், செவ்வாய்: பெம்போல் வண்டி

மேலே ஏறப் பேருந்து பிடித்தோம். கெங்கானில் இறங்கி, பெரிய வண்டிகள் நிற்கும் பிளாட்பாரத்தை விட்டு ஓரமாகப் போனால் ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி காத்திருந்தது. அப்பா அதைப் பார்த்ததும் நடையை வேகப்படுத்தினார்.

கெங்கான்–பெம்போல் 36 கிலோமீட்டர், 1894இல் திறந்தது. விழுப்புரம்–புதுச்சேரி 38 கிலோமீட்டர், 1879இல் திறந்தது. இரண்டும் மீட்டர்கேஜாகப் பிறந்து பின்னால் அகலமானவை. இரண்டும் பெரிய பாதையிலிருந்து பிரிந்து கடலில் போய் முடிகிற ஒற்றைப் பாதைகள். அப்பா அந்தப் பாதையில் வேலை பார்த்திருக்கிறார். "நம்ம வண்டியேதான் இது" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

சில நிறுத்தங்களில் வண்டி தானாக நிற்காது. இறங்க வேண்டுமானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏற வேண்டுமானால் பிளாட்பாரத்தில் நின்று கை காட்ட வேண்டும். காட்டுக்கு நடுவே ஓர் இடத்தில் ஒரு பாட்டி கை காட்டினார். வண்டி நின்றது, கூடையோடு ஏறினார், எல்லோருக்கும் பொதுவாக ஒரு போன்ழூர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்பாவும் உரக்க போன்ழூர் சொன்னார்.

இந்த வண்டியில் போகிறவர்கள் இடப்பக்கம் உட்காருங்கள். பொந்த்ரியூ ஊரைத் தாண்டியதும் த்ரியூ ஆறு பக்கத்திலேயே வந்துவிடும். பொந்த்ரியூவின் கரை நெடுகத் துணி துவைக்கும் சின்னச் சின்னக் கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் பூ. அப்புறம் ஊர் இல்லை, சாலை இல்லை, ஓக் மரங்களும் ஆறும் தண்டவாளமும் மட்டும். ஆறு அகன்றுகொண்டே போகிறது, சேற்றுத் திட்டில் கொக்கு. எதிர்க்கரை உச்சியில் ரோஷ்-ழாகு என்ற 15ஆம் நூற்றாண்டு மாளிகை ஒரு திருப்பத்தில் தெரிந்து மறைகிறது. இந்த இடத்தில் ஆற்றங்கரையை ஒட்டிப் போவது தண்டவாளம்தான், கார்ச் சாலை மேலே தள்ளிப் போகிறது. சித்தப்பாவுக்கு ஒரு வீடியோ அனுப்பினேன்.

முக்கால் மணி நேரத்தில் பெம்போல். செவ்வாய்ச் சந்தை கலையும் நேரம், கடைசித் தக்காளியும் ஒரு பொரித்த கோழியும் கிடைத்தன. பைகளோடு துறைமுகத்துக்கு நடக்க ஐந்து நிமிடம்.

ஒன்பதாம் நாள், புதன்: ப்ரெயா தீவு, பிறகு ஒரு சுவர்

காலைப் பேருந்தில் ஆர்க்குவே முனை, அங்கிருந்து பத்து நிமிடப் படகில் ப்ரெயா. தீவில் கார்களுக்கு அனுமதியே இல்லை. டிராக்டரும் சைக்கிளும்தான். அலையின் உயரத்தைப் பொறுத்துப் படகு மூன்று துறைகளில் ஏதோ ஒன்றில் நிற்கும், திரும்பும் நேரத்துக்கு எது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய அலை நாட்களில் இங்கே ஏற்ற இறக்கம் 10 மீட்டரைத் தாண்டும். அப்பா தன் அலை அட்டவணையை எடுத்துப் பார்த்து, படகுக்காரரிடம் கேட்டு, இரண்டும் ஒத்துவருகிறதா என்று சரிபார்த்தார்.

ரோஜாநிறப் பாறைகள், கல் மதில்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, வீட்டு வாசலில் பூச்செடி விற்க வைத்துவிட்டுப் பக்கத்தில் காசுப்பெட்டி. முழங்கால் வலி இருந்தும் அப்பா தெற்குத் தீவு முழுக்க நடந்தார். பாலத்தைத் தாண்டி வடக்குத் தீவுக்கு நான் மட்டும் போய் வந்தேன்.

திரும்பும் வழியில் ப்ளூபஸ்லானெக்கில் இறங்கினோம். 1852 முதல் 1935 வரை பெம்போலிலிருந்து ஐஸ்லாந்துக் கடலுக்குக் கோட் மீன் பிடிக்கக் கப்பல்கள் போயின. பிப்ரவரியில் போனால் இலையுதிர் காலத்தில் திரும்ப வேண்டும். ஏறக்குறைய 2,000 பேர் திரும்பவில்லை. இங்கே கல்லறைத் தோட்டத்தில் 'காணாமல் போனவர்களின் சுவர்' இருக்கிறது. உடல் கிடைக்காததால் கல்லறை இல்லை. கறுப்புப் பலகைகளில் கப்பலின் பெயர், வருடம், எத்தனை பேர். ஒரு கப்பலோடு ஊரின் பாதி இளைஞர்கள் போயிருக்கிறார்கள்.

அப்பா நீண்ட நேரம் வாசித்தார். 2004 டிசம்பரில் அவர் டூட்டியில் இருந்தார். கரையோரக் குப்பங்களிலிருந்து சொந்தக்காரர்களைத் தேடி வந்தவர்கள் ஸ்டேஷனில் படுத்திருந்ததை முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறார். இன்று ஏதும் சொல்லவில்லை. கடைசிப் பேருந்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். நாற்பது நிமிடம் என்றேன். "இருக்கட்டும், இருப்போம்" என்றார்.

பத்தாம் நாள், வியாழன்: திரும்பும் வண்டி

கேட்டவர்களுக்காக: பத்து நாளில் 14 ரயில், 4 படகு, சில பேருந்து. டாக்ஸி ஒருமுறைகூட இல்லை. முன்பதிவு செய்தது இரண்டே ரயில். மறுபடி போட்டால் வித்ரேவில் ஓர் இரவு கூடுதலாகவும் வானில் ஓர் இரவு குறைவாகவும் வைப்பேன், ஞாயிற்றுக்கிழமை நகரவே மாட்டேன்.

பெம்போல் வண்டி இப்போது எங்களுக்குப் பழக்கமான வண்டி. கெங்கானில் பாரிஸ் ரயிலுக்கு அரைமணி நேரம் இருந்தது. எதிர்ப் பிளாட்பாரத்தில் அதே மாதிரி இன்னொரு ஒற்றைப் பெட்டி நின்றிருந்தது.

"அது எங்கே போகுது?" என்றார் அப்பா.

"கரே. தெற்கே, உள்நாட்டு ஊர்ப்பா. கடல் இல்ல."

"அதுவும் மீட்டர்கேஜா இருந்ததுதானே?"

தேடிப் பார்த்தேன். ஆமாம், 1967இல்தான் மாற்றியிருக்கிறார்கள்.

பாரிஸ் ரயிலில் உட்கார்ந்ததும் அப்பா நோட்டை எடுத்து 14ஆம் வரியில் கெங்கான், மோன்பர்னாஸ் என்று எழுதி, குறித்த நேரத்தைப் போட்டார். வந்த நேரத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டார். அதற்குக் கீழே 15 என்று எண் போட்டு, கரே என்று எழுதி, மூன்று கட்டத்தையும் காலியாக விட்டு நோட்டை மூடினார்.